விலைப்புள்ளியில் சேராத வரிசை

1

மாலை நாலு பத்து. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழக்கடையின் உள்சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் அப்படிக் காட்டியது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. பெட்டியின் மேல் என் துண்டை மலர் நாலாக மடித்து வைத்திருந்தாள். மலர் மட்டும் இல்லை.

மலர் என் மகள். பதினாலு வயது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில், என்டோலா என்ற ஊரில் என்னோடு வளர்ந்தவள். அன்று நாங்கள் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தோம். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து என் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். தீபாவளிக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பழம் வாங்கப் போனேன். பெட்டி இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

பழம் வாங்கினேன் என்று சொல்ல முடியாது, விலை கேட்டேன். பூவன் என்ன விலை, ரஸ்தாளி என்ன விலை, போன தீபாவளிக்கு என்ன விற்றது, பண்டிகைக்கு முதல் நாள் ஏறுமா, ஏறினால் எவ்வளவு ஏறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன்.

"சார், வாங்கறீங்களா, இல்ல கேட்டுகினே நிக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். "நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள வெல ஏறிடும் போலக்குது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் திரும்பிப் பார்த்தேன்.

முதலில், தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவளுடைய துணிப்பையைக் காணோம். அந்தக் காலிப் பை இல்லாமல் அவள் எங்கேயும் போக மாட்டாள். பெட்டியை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அப்போதுதான் பயந்தேன். ஏனென்றால், வரும் வழியில் பஸ்ஸில் வைத்து அவளிடம் ஒன்று சொல்லியிருந்தேன். நான் திரும்பிப் போகும்போது நீ என்னோடு வரப்போவதில்லை, இனிமேல் அத்தை வீட்டில் இருந்துதான் படிக்கப்போகிறாய் என்று.

2

இதை என்டோலாவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊருக்குப் போய்த் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. இன்னும் யாராவது "நாலு மணி" என்று சொன்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கலாம். விலைவாசிப் புள்ளி என்பதை நீங்கள் அறிவீர்கள். அது ஏறினால் பஞ்சப்படி ஏறும் என்று சம்பளக்காரர்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கும் அரிசி, எண்ணெய், சோப்பு, வாடகை, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, மாதாமாதம் விலை எடுத்து, ஒரே எண்ணாகச் சுருக்குவது. அந்த எண்ணைச் சுருக்குகிற வேலை இங்கே எனக்கு. கூடவே, வரும் ஆண்டில் அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்வதும். கழிந்த மாதங்களின் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்பது. அவ்வளவுதான். கேட்பதற்குப் பெரிய வித்தை போல இருக்கும்.

போன ஆண்டு அப்படி நீட்டிய கோடு என்னையே பயமுறுத்தியது. மேலே மேலே போய்க் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டது. மக்காச்சோள மாவு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் ஏறின. என் சம்பளத்தில் ஊருக்கு அனுப்புவதை விடுங்கள், இங்கேயே ஒரு பெண்பிள்ளையை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று ஆகிவிட்டது. அவள் அம்மா இறந்து நாலு வருஷம். கேட்டு முடிவெடுக்க எனக்கு வேறு ஆள் இல்லை. கோட்டைப் பார்த்து முடிவெடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பல பொருளுக்கு அரசு விலை உண்டு. கடைப் பலகையில் அந்த விலை எழுதியிருக்கும், அலமாரி காலியாக இருக்கும். என்றைக்காவது லாரி வரும். வந்த சேதி தெரிந்ததும் கடை முன்னால் வரிசை நீளும். விலை எடுக்கப் போகும் நாளில் பொருள் இல்லை என்றால் கடைசியாக விற்ற விலையை எழுதிக்கொள்வோம். பட்டியலில் சர்க்கரை இருக்கும், அதன் விலை இருக்கும். அந்தச் சர்க்கரைக்காக ஒருவர் எத்தனை நேரம் நின்றார் என்பதற்கு மட்டும் பட்டியலில் இடமில்லை.

எங்கள் வீட்டில் நின்றவள் மலர். பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு விட்டுவிடும். நான் ஆபீசிலிருந்து வர ஐந்தாகும். நான் வரும்போது அடுப்படியில் சோப்போ எண்ணெயோ இருக்கும். எப்படி வந்தது என்று நான் அதிகம் கேட்டதில்லை.

3

விழுப்புரம் எனக்குப் புது ஊர் இல்லை. சொந்த ஊர் கோலியனூர். முதல் வேலையே விழுப்புரம் கடைத்தெருவில் வாராவாரம் விலை எடுப்பதுதான். அதே கிழமை, அதே கடை, அதே ரகம். மூன்றும் மாறக் கூடாது. விலை எடுக்கும் கடையில் நான் சொந்தத்துக்குச் சாமான் வாங்க மாட்டேன். பழகிவிட்டால் எனக்கென்று ஒரு விலை சொல்லிவிடுவார்களே என்று பயம். அதனால் வேர்க்கடலை விற்ற மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும், "வாங்காம கேக்கறவரு வந்துட்டாருடா, தராச மூடு" என்பார். கல்யாணம் ஆன புதிதில் என் மனைவி அந்தப் பக்கம் போனபோது அவளிடமும், "நீங்களாச்சும் வாங்குவீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த முறை மலரை அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போனேன். மண்டி இருந்த இடத்தில் பாத்திரக் கடை இருந்தது. அவள் பாத்திரங்களைப் பார்க்கவில்லை. "இங்க எல்லாக் கடையிலயும் சாமான் இருக்கு. யாருமே நிக்கலையேப்பா" என்றாள். அவளுக்கு அது ஆச்சரியம்.

அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மலரை நடு வருஷத்தில் சேர்க்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். எதற்கென்று மலரிடம் சொல்லாமலே தாலுகா ஆபீசில் ஒரு வாரம் அலைந்தோம். குமாஸ்தா என் மனுவைப் படித்துவிட்டு, "ஜாம்பியா... அது எந்தத் தாலுகா சார்?" என்றார். வெளிநாடு என்றேன். "வெளிநாடுன்னா சிங்கப்பூருன்னு போடுங்களேன், ஜல்தியா ஆயிடும்" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

அங்கேதான் அது நடந்தது. நான் ஜன்னலில் நிற்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல்: "யாரு சார் இந்தப் பொண்ணு? முதியோர் பென்ஷன் க்யூல நின்னுகினு இருக்குது!"

எட்டிப் பார்த்தேன். தடி ஊன்றிய பெண்களுக்கு நடுவே, பாவாடை தாவணிக்குப் பழகாத என் மகள், காலிப் பையோடு நின்றாள்.

"வயசு அறுபது ஆயிடுச்சாம்மா உனுக்கு?" என்றார் குமாஸ்தா.

"இல்ல சார். என்ன குடுக்கறாங்கன்னு தெரியல. இடம் போயிடும்னு நின்னேன். அப்புறமா கேக்கலாம்னு."

ஆபீஸே சிரித்தது. மலரும் வெட்கத்தோடு சிரித்தாள். என்டோலாவில் எல்லோரும் அப்படித்தான். வரிசையைக் கண்டால் முதலில் நிற்பார்கள். என்ன தருகிறார்கள் என்பதை, நின்ற பிறகு, முன்னால் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். யாரிடமாவது சொல்லிவிட்டு வருகிறேன் என்று நகர்ந்தால் இடம் போய்விடும். ஒரு காலிப் பை எப்போதும் கூடவே இருக்கும்.

நாலு நாள் கழித்துத் திண்டிவனத்தில் அந்தக் காலிப் பையைக் காணாமல் நின்றபோது இது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் நான் பேசிய பேச்சுதான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

4

மயிலத்துக்குச் சாலை பிரியும் இடத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அப்போது சொன்னேன். ஏன் அங்கே சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கா வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னால் அழுவாளோ என்று நினைத்தேன். பஸ்ஸில் என்றால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

அவள் அழவில்லை. "நீங்க?" என்றாள்.

"நான் போய்ட்டு, ரெண்டு வருஷத்துல லீவுல வருவேன்."

பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்: "அடுத்த வருஷம் அங்க சக்கரை இன்னும் ஏறுமாப்பா?"

"ஏறும்."

"கிடைக்குமா?"

நான் ஆபீசில் பேசுவது போலவே பேசினேன். "கிடைக்குமான்னு நாங்க பாக்கறதில்லம்மா. விலை மட்டும்தான். அது எங்க கணக்குல வராது."

சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு திண்டிவனம் வரும்வரை, கையில் இருக்கட்டும் என்று நான் கொடுத்திருந்த இருபது ரூபாய் நோட்டை விரலில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தாள்.

5

பஸ் ஸ்டாண்டை நான் இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டேன். கழிப்பறை வாசலில் பூ விற்றவரைக் கெஞ்சி உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். ஒரு ரிக்ஷாக்காரரை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு ஒரு போலீஸ்காரரைப் பிடித்தேன்.

"பேரு? வயசு? இன்னா கலர் துணி போட்டுகினு இருந்தது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பச்சையா? நீலமா? அரிசி என்று எழுதினால் போதாது, என்ன ரகம், பழசா புதுசா, எத்தனை நொய் என்று எழுத வேண்டும் என்று இளைஞர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்த மகளின் சட்டை நிறம் தெரியவில்லை.

"பெத்தவருதானே நீங்க?" என்றார் போலீஸ்காரர். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார்.

அக்காவும் மாமாவும் அதே ரிக்ஷாவில் வந்தார்கள். சரோஜா அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடா தம்பி, ஆப்பிரிக்காவுல தொலையாத பொண்ண திண்டிவனத்துல தொலச்சிட்டு நிக்கிற?"

நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் பேசியதையும் சொன்னேன்.

"பஸ்ஸுல வெச்சா சொல்லுவ? ஊட்டுக்கு வந்து, சோறு தின்னு, நான் பக்கத்துல படுக்க வெச்சிகினு சொல்லியிருக்க மாட்டனா? அடுத்த வருஷம் எண்ண இன்னா வெலன்னு சொல்லத் தெரியுது. ஒரு பொண்ணுகிட்ட எத எங்க சொல்றதுன்னு தெரியல."

"கம்னு இரு சரோஜா" என்றார் மாமா. "நான் ரயில்வே ஸ்டேஷன் வரிக்கும் பாத்துட்டு வர்றேன். நீ மெட்ராஸ் பஸ் நிக்கற பக்கம் போய்ப் பாரு. தம்பி, நீ இந்தப் பொட்டிய உட்டு நவராத. அவ திரும்பி வந்தா இங்கதான் வருவா."

இருவரும் போனார்கள். நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

அதுபோலத் தனியாக நான் எந்த நாட்டிலும் உட்கார்ந்ததில்லை. என்டோலாவுக்குப் போன முதல் இரவு மின்சாரம் இல்லாத வீட்டில் இருந்தேன். மனைவியை அங்கே புதைத்துவிட்டு வந்த மாலையும் இருந்தது. அப்போதெல்லாம் எங்கோ தொலைவில் சொந்த ஊர் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு இருந்தது. இப்போது நான் சொந்த ஊர்ப் பக்கம்தான் இருந்தேன். சுற்றிலும் என் பாஷையைத்தான் பேசினார்கள். மெட்ராஸ், பாண்டி, திருவண்ணாமலை என்று கண்டக்டர்கள் கூவினார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்பும்போது அதன் ஜன்னல்களை எண்ணுவது போலப் பார்த்தேன்.

மனம் சும்மா இருக்கவில்லை, புள்ளி வைத்துக்கொண்டே போயிற்று. ஏழு வயதில் அவள் அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு புள்ளி. பத்து வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பெம்பா மொழியில் சிரித்துப் பேசினாள், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இன்னொரு புள்ளி. பன்னிரண்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது ஊரில் கண்டக்டரை 'அண்ணி' என்று கூப்பிட்டு, பஸ்ஸே சிரித்தபோது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளாமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புள்ளிகளைச் சேர்த்தேன், கோட்டை நீட்டினேன். அது என்னை விட்டு நேராக விலகிப் போயிற்று. போய் முடிந்த இடம் இந்தப் பஸ் ஸ்டாண்டு.

மாமா திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். மறுபடி வேறு பக்கம் போனார். விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

6

போன வாரம் இங்கே என்டோலாவில் ஆபீசிலிருந்து சீக்கிரம் விட்டார்கள். கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். ஒரு வரிசை தெரிந்தது. கால் தானாகப் போய்க் கடைசியில் நின்றது. நின்ற பிறகு முன்னால் இருந்த அம்மாளிடம் என்ன தருகிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"தெரியாது. சோப்பு என்கிறார்கள், சர்க்கரை என்றும் சொல்கிறார்கள்" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்கள் மலரின் அப்பாவா?" என்றாள்.

ஆமாம் என்றேன். உடனே முன்னால் நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். "மலரின் அப்பா, மலரின் அப்பா" என்று வரிசை நெடுகச் சேதி போயிற்று. ஒருத்தி, தன் கைக்குழந்தையை மலர்தான் வைத்துக்கொள்வாள் என்றாள். ஒருத்தி, மழை வந்தால் மலர் தன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாள் என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு கிழவர், அவள் கணக்குப் பாடத்தை வரிசையில் நின்றே எழுதிவிடுவாள், என் முதுகில் நோட்டை வைத்து, என்றார்.

இந்தத் தெருவில் எட்டு வருஷமாக நான் விலை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறேன். இவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

"அவள் எங்கே? ரொம்ப நாளாகக் காணோமே."

"ஊரில். என் அக்கா வீட்டில் இருந்து படிக்கிறாள்."

"சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"நீங்கள்?" என்றாள் அந்த அம்மாள்.

அதற்குள் கடையை மூடிவிட்டார்கள். வந்தது சோப்பா சர்க்கரையா என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லாரும் கலைந்தார்கள். வீட்டுக்கு வந்து பால் இல்லாத தேநீர் போட்டு, சர்க்கரையும் போடாமல் குடித்தேன். அலமாரியில் ஒரு கிலோ சர்க்கரை இருக்கிறது. எறும்பு வராமல் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். திண்டிவனத்திலிருந்து வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

7

அந்த மாலைக்கு வருகிறேன்.

விளக்கு எரிய ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். அக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா நின்றுகொண்டிருந்தார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க, பொட்டி மேல குந்திகினு இருக்கறவரே! ஜாம்பியாக்காரரு நீங்கதானா?"

முழங்கை வரை வளையல் போட்ட ஒரு பெண். வயல் வேலைக்குப் போகிறவள் என்று காலைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலர் நின்றாள். மலரின் சட்டை மஞ்சள். அதை இனி மறக்க மாட்டேன்.

"இந்தப் பொண்ணு உங்களுதா? நல்லாத்தான் பெத்து வெச்சிகிறீங்க" என்றாள் அந்தப் பெண். பெயர் அஞ்சலை, மயிலத்துக்குப் பக்கத்தில் ஊர் என்று பிறகு சொன்னாள். "பின்னாடி தெருவுல, கூட்டுறவுக் கடையில தீவாளிச் சக்கர போட்டானுங்க. கார்டு வேணாம், ஆளுக்கு ஒரு கிலோ. இது எம் முன்னாடி நின்னுது. நின்னப்பறம் எங்கிட்ட கேக்குது, இங்க இன்னா குடுக்கறாங்கன்னு! வாங்கிச்சி. சரி, ஊட்டுக்குப் போவும்னு பாத்தா, மறுபடியும் கடசில போயி நின்னுகிச்சி. தொணைக்கு நானும் கூடவே நின்னேன். ரெண்டாந்தரம் வந்தப்ப கடைக்காரன், நீ அப்பவே வாங்கினியேன்னு பேஜாரு பண்ணான். நான்தான் சண்ட போட்டேன். அது இவ அக்காடா, ரெட்டப் புள்ளடா, பொட்டப் புள்ளைங்கள உத்து உத்துப் பாக்கறியான்னேன். பயந்துகினு குடுத்துட்டான்."

மாமா சிரித்துவிட்டார். அக்கா அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே மலரின் தலைமுடியைக் கோதிவிட்டாள். 

"சொல்லிட்டுப் போகக் கூடாதாம்மா?" என்றேன்.

"சொன்னேனேப்பா. அப்பா, அந்தப் பக்கம் க்யூ நிக்குது, நான் போறேன்னு சொன்னேன். நீங்க சரி சரின்னீங்க." கொஞ்சம் தயங்கினாள். "விலை கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள்.

மலர் துணிப்பையைத் திறந்தாள். முதல் பொட்டலத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்து, "இது உங்களுக்கு அத்தை. நான் இங்க இருக்கப் போறேன்ல" என்றாள். இரண்டாவதை எடுத்து என் பக்கத்தில், பெட்டியின் மேல் வைத்தாள். அது சாய்ந்து விழாமல் என் துண்டை முட்டுக் கொடுத்தாள்.

"இத நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றாள். "இனிமே அங்க க்யூல நிக்க ஆள் இல்ல. நீங்க ஆபீஸ் விட்டு வர்றதுக்குள்ள தீந்துடும்ப்பா."